இன்ஜினுக்கு பி.பி. பார்ப்பது எப்படி?

வண்டி ஓடுகிற வரைக்கும்தான் நம்முடையது. நின்றுவிட்டால் அது தெருவுக்குச் சொந்தம்.

சந்தேகம் இருந்தால் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பழைய பைக்கை ஓரங்கட்டி, இரண்டு நிமிஷம் குனிந்து பாருங்கள். இளநீர் வெட்டிக்கொண்டிருப்பவர் அரிவாளும் கையுமாக வருவார். "ப்ளக்கு சார். கழட்டித் தேய்ச்சுப் போடுங்க." பஸ்ஸுக்கு நிற்பவர், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்பார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் "கார்பரேட்டர் அடைப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கடைசியாக ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மாடல் வருஷத்தைக் கேட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "எடைக்குப் போட்டுடுங்க" என்பார்.

மனுஷனுக்கு உடம்புக்கு வந்தால்கூட இத்தனை பேர் வைத்தியம் சொல்வதில்லை. (சொல்கிறார்கள். ஆனால் அரிவாளோடு வருவதில்லை.)

கவனித்தீர்களா? இத்தனை பேரில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பழைய இன்ஜின்கள் பாதி சாவது வயசாலே. மீதிப் பாதி இந்த அளக்காத வைத்தியத்தாலே.

எங்கள் எதிர்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டரிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. 1989 மாடல். பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு கைகோத்து இறக்கிய வண்டி இது. 98 சி.சி., 11 குதிரை சக்தி. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 1996-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் மவுசு. அந்த வண்டி தயாரிப்பில் இருந்தபோது பிறந்தேயிராத பையன்கள் இன்றைக்குக் கட்டுக்கட்டாகப் பணத்தை வைத்துக்கொண்டு, "குடுக்கிற ஐடியா இருக்கா அங்கிள்?" என்று கேட் வாசலில் நிற்கிறார்கள்.

சார் கொடுக்க மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு பைக்கை நாலு பேரை வைத்துத் திண்ணைமேல் ஏற்றினவர் அவர். ஏற்றினது ஏற்றினதுதான். ஒரு வருஷத்துக்குமேல் பழைய புடவை போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தது.

இறக்கியபோது வியாதியோடு இறங்கியது.

என்ன வியாதி? காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டால் சத்தம் இறங்காது. 'ங்ஙீஈஈ' என்று கத்திக்கொண்டே இருந்துவிட்டு, மனசு வந்தால் இறங்கும். பழைய மகாபலிபுரம் ரோடு வரை போய்விட்டுத் திரும்பும்போது, ஒருநாள் கோவிலம்பாக்கத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

மெயின் ரோட்டு மெக்கானிக் வந்தார். ஒரு உதை. ஒரு முறுக்கு. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"போர் போடணும் சார்."

"எதுக்குப்பா? மோட்டார்ல தண்ணி நல்லாத்தானே வருது?"

"அந்த போர் இல்ல சார். பிளாக்கை போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்."

ஹெட்மாஸ்டர் முகம் வாடிவிட்டது. காரணம் இருக்கிறது.

பிளாக் என்பது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர். தேய்ந்துவிட்டால் லேத்தில் கொடுத்து உள்சுவரை மில்லிமீட்டரில் கால் பங்கு கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். அடுத்த தடவை அரை. அப்புறம் முக்கால். அப்புறம் ஒன்று. அதற்குமேல் சுவர் தாங்காது. ஆக ஒரு பிளாக்குக்குப் பொதுவாக நாலே ஆயுசு. பூனையைவிட மோசம். சாருடைய வண்டி இன்னும் ஒரு ஆயுசைக்கூடச் செலவழிக்காத, கம்பெனி அளவிலேயே இருக்கிற பிளாக். அந்த மாதிரிப் பிளாக் இனிமேல் ஃபேக்டரியிலிருந்து வரப்போவதில்லை. கடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கடவுளும் இல்லை.

சாரின் மனைவி ரிடையர்டு கணக்கு டீச்சர். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தேய்ஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்? அளந்தியா?"

"சவுண்டே சொல்லுதும்மா."

"சவுண்டுக்கு மார்க் கிடையாது. ஸ்டெப்ஸ் எழுதணும்."

அன்றோடு வண்டி மெக்கானிக் கையிலிருந்து டீச்சர் கைக்கு மாறியது. நான் டார்ச் பிடிக்கிற உத்தியோகத்தில் சேர்ந்தேன்.

* * *

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் கதையின் உயிர்.

இப்போது ஓடுகிற ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளில் பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்கு மேலே மட்டும்தான். கீழே, கிராங்க் சுற்றுகிற அறையில் ஆயில் மட்டும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது கீழ் அறை மூச்சை உள்ளே இழுக்கிறது; பெட்ரோல் கலந்த காற்று முதலில் அங்கேதான் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த மூச்சு பக்கவாட்டு வழிகள் மூலம் மேலே தள்ளப்படுகிறது. வால்வு, கேம், செயின் என்று எந்த ஆடம்பரமும் கிடையாது. கீழ் அறைதான் நுரையீரல். இங்கிலாந்தில் பாத் என்கிற ஊரில் (ஆமாம், குளிக்கிற பாத்தான், ரோமானியர்கள் குளித்த ஊர்) ஜோசப் டே என்பவர் 1890-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த யோசனை இது.

நுரையீரலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? கிராங்க்கின் இரண்டு முனைகளும் அந்த அறையிலிருந்து வெளியே வருகிற இடத்தில், ஆளுக்கொரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆயில் சீல் என்பார்கள். ஒருபக்கம் மேக்னெட். மறுபக்கம் கிளட்ச்.

கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். வெள்ளைப் புகை தெருவை அடைக்கும், கியர் ஆயில் மாயமாய்க் குறையும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெறும் காற்றைக் குடிக்கும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காது.  பிஸ்டன் சூட்டில் உப்பிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

சாருடைய வண்டியின் வியாதி அட்சரம் பிசகாமல் இதுதான். இந்த நிலைமையில் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போட்டிருந்தால்? ஒரு மாசத்தில் புதுப் பிஸ்டனும் பிடித்திருக்கும். "ரன்னிங்-இன் சரியா பண்ணல சார்" என்று பழி நம்மேல் விழுந்து, இரண்டாவது ஆயுசுக்கு லேத் ஏறியிருக்கும்.

* * *

டீச்சர் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வரிசையாக எழுதினார்.

ஒன்று: ப்ளக். கழற்றி முனையைப் பார்த்தோம். காபிப்பொடிக் கலரில் இருந்தால் ஆரோக்கியம். ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ ஜாஸ்தி. எங்களுடையது விபூதி மாதிரி வெள்ளை. காற்று ஜாஸ்தி, சூடு ஜாஸ்தி.

இரண்டு: கார்பரேட்டர். கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தோம். அடைப்பு இருந்தாலும் இதே மாதிரி சூடேறும் என்பதால் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்க்கவேண்டும். தீர்ந்தது. வியாதி தீரவில்லை.

மூன்று: கம்ப்ரெஷன். ப்ளக் துவாரத்தில் மீட்டரைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கிறவரை உதைக்கவேண்டும். 115 பவுண்டு காட்டியது. இந்த மாதிரிச் சின்ன டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு நூறுக்கு மேல் இருந்தால் பயமில்லை என்பது பட்டறைக் கணக்கு. அப்புறம் எதற்குப் போர்?

நாலு: கியர் ஆயில். வடித்து அளந்தோம். ஊற்றின அளவு அப்படியே இருந்தது. கிளட்ச் பக்கம் நிரபராதி.

மிச்சம் ஒரு குற்றவாளிதான். சாட்சி வேண்டும்.

சாட்சி கனடாவிலிருந்து வந்தது. சாரின் பையன் கால்கரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, இங்க பனிமேல ஓட்டுற வண்டிக்கும் இதே வியாதிதாம்ப்பா" என்றான். பனிமேல் சறுக்கி ஓடுகிற அந்த ஸ்கூட்டரை 1959-ல் பொம்பார்டியர் என்கிற கனடாக்காரர் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். பழைய மாடல்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது நம் ஆர்.எக்ஸ்ஸின் பெரியப்பா பிள்ளைகள்தான்: டூ-ஸ்ட்ரோக். பனி இல்லாத ஏழெட்டு மாசம் ஷெட்டில் கிடக்கும். ரப்பர் காய்ந்துபோகும். எடுத்து ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். "பிரிக்கறதுக்கு முன்னாடி இன்ஜினை எல்லாப் பக்கமும் அடைச்சு, ஆறு பவுண்டு காத்தடிச்சு, இறங்குதான்னு பாப்பாங்க. நிமிஷத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல இறங்கக்கூடாது. அதுக்குன்னு ஒரு பம்ப்பு, மீட்டரு எல்லாம் இங்க கிடைக்கும்..."

இங்கே மைனஸ் டிகிரியும் கிடையாது, அந்த மீட்டரும் கிடையாது. சைக்கிள் பம்ப்பால் அடித்தால் நல்ல சீலும் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் பி.பி. மிஷின். டிஜிட்டல் இல்லை, ரப்பர் குமிழும் டயலும் வைத்த பழைய ரகம்.

"ஒரு பவுண்டுன்னா 51.7 மில்லிமீட்டர் பாதரசம். இதுல 300 வரைக்கும் இருக்கு. வகுத்தா 5.8. போதுமா?"

ஹெட்மாஸ்டர் மனைவியைப் பார்த்த பார்வையை அவர்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

* * *

சைலன்ஸரைக் கழற்றி, அந்த வாயை சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தோம். கார்பரேட்டர் மாட்டுகிற ரப்பர் வாயில் ஒரு தக்கை; அதன் நடுவே பி.பி. மிஷினின் ட்யூப். ஆயில் பம்ப்பிலிருந்து வருகிற குழாய்க்கும் ஒரு மூடி. பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து ப்ளக்கைத் திரும்ப மாட்டினோம். மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்று இருக்கிற புல்லர்தான் வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் கிராங்க்கே வளையும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், புறாக் கூண்டுக்கும் பழைய டெலிபோனுக்கும் நடுவில் ஒரு புல்லர் கிடைத்தது.

ஹெட்மாஸ்டர் குமிழை அமுக்கினார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் 300 தொட்டது. விட்டதும் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. பதினொரு விநாடியில் பூஜ்யம்.

"லோ பி.பி." என்றார் சார்.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினோம். ஹெட் பேக்கிங்கில் ஒன்றும் இல்லை. பிளாக் அடியில் ஒன்றும் இல்லை. மேக்னெட் பக்கத்து சீலைச் சுற்றித் தடவியதும் குபுகுபுவென்று நுரை, டிகிரி காபி மாதிரி. குற்றவாளி கையும் களவுமாக.

அந்த சீல் இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் வெளியிலிருந்தே மாற்றக்கூடியது. விலை, சரவணபவனில் ஒரு தோசை சாப்பிடுகிற காசுகூட இல்லை.

ஆனாலும் ஏற்கெனவே ஒரு தடவை பிடித்த பிஸ்டனைப் பார்க்காமல் விடக்கூடாது. ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினோம். பிஸ்டனில் புகை போகிற பக்கம் லேசாக நாலு கீறல். நல்லவேளை, பிளாக்கில் கீறல் இல்லை. பிஸ்டனின் அலுமினியம் கொஞ்சம் அப்பியிருந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு பம்மல் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அவர் அளவுகோலை உள்ளே விட்டுக் குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழும் அளந்தார்.

"கம்பெனி சைஸ்லயே இருக்கு சார். தேய்மானம் லிமிட்டுக்குள்ள. இதைக் கடைஞ்சா பாவம். சுத்தம் பண்ணி லேசா ஹோனிங் போட்டுத் தர்றேன், புது ரிங் மட்டும் மாத்துங்க."

கடைந்திருந்தால் அவருக்குத்தான் காசு. வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். அளந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த மனசு வருகிறதோ என்னவோ.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சர் எல்லாரையும் ஒரு கை பார்த்தார். 'போர் 5 சென்டிமீட்டர், ஸ்ட்ரோக் 5 சென்டிமீட்டர்' என்று கேள்விப்பட்டதும் நோட்டில் பை ஆர் ஸ்கொயர் ஹெச் போட்டு 98.1 என்று எழுதி, "பரவாயில்லையே, கம்பெனிக்காரன் பொய் சொல்லலை" என்றார்.

சைலன்ஸரில் ஒரு கிலோ கரி. சுரண்டும்போது சார் கேட்டார், "பசங்க எல்லாம் இதை அறுத்துட்டு ஓட்டறானுங்களே, வேகம் கூடுமா தம்பி?" கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்ஸரும் இன்ஜினின் ஒரு உறுப்பு. வெளியே போகிற புகையின் அலை திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கிற புதுப் பெட்ரோலை உள்ளே தள்ளும்படி குழாயின் வடிவத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியில் எம்.இஸட். கம்பெனியின் வால்டர் காடன். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. அந்த ரகசியங்களோடு ஜப்பானில் சுஸுகியிடம் சேர்ந்துகொண்டார். 1962-ல் 50 சி.சி. உலகச் சாம்பியன் பட்டம் சுஸுகிக்கு. சாம்பியன், அதே டெக்னர். ஒரு நாட்டைவிட்டே ஓடிக் கொண்டுவந்த குழாயை, நம் பையன்கள் ஹாக்ஸா பிளேடால் அறுக்கிறார்கள்.

* * *

மாட்டியானதும் மறுபடி பி.பி. 300-ல் விட்டோம். ஆறு நிமிஷம் கழித்து 270. டீச்சர் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது உதையில் கிளம்பியது. கொஞ்ச நேரம் புகைந்தது. சார் முறுக்கினார். விட்டார். கிளாஸுக்குள் ஹெட்மாஸ்டர் நுழைந்த மாதிரி சத்தம் சட்டென்று அடங்கியது.

டூ-ஸ்ட்ரோக்கை ஒரேயடியாகப் புகழவும் கூடாது. அதன் புதுப் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது. விதிகள் அதைத் துரத்தியதில் நியாயம் உண்டு. சாரும் தினம் ஓட்டுவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் நங்கநல்லூர் வரைக்கும். அதுவும் நல்லதுதான், சீல் காயாது.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, டீச்சரின் நோட்டிலிருந்து:

1. பிரிப்பதற்கு முன்னால் அளக்கவும். பிரித்த பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

2. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் பார்க்கவேண்டும். ரிங்கின் வாய் அந்தச் சின்ன ஊசிமேல் சரியாக உட்காரவேண்டும். தப்பினால் ரிங் உடையும்.

3. பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற லாக் வளையத்தைக் கழற்றும்போது கீழே கிராங்க் அறை வாயில் துணி அடைக்கவும். அது விழுந்தால் நேரே உள்ளேதான் போகும், எப்போதும். பழைய வளையத்தைத் திரும்பப் போடவேண்டாம்.

4. ஆயில் பம்ப் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் எடுத்துவிடவும். எதற்கும் முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி ஆயிலைக் கலந்தே ஊற்றவும். பம்ப் தூங்கினாலும் பிஸ்டன் பிழைக்கும்.

5. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய், கார்பரேட்டர் வாஷர்களை மாற்றவும். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரை வடித்துவிடவும்.

6. இன்ஜினுக்குப் பார்த்த பி.பி. மிஷினை அப்புறம் மனுஷனுக்குப் பார்க்காதீர்கள். டீச்சருக்குப் புது டிஜிட்டல் வந்துவிட்டது.

பழைய மிஷின் சும்மா இல்லை. போன வாரம் மெயின் ரோட்டு மெக்கானிக் கேட்டருகில் தயங்கித் தயங்கி நின்றார். "அம்மா, ஒரு சுஸுகி வந்திருக்கு. அதே கம்ப்ளைண்ட்டு. அந்தப் பி.பி. மிஷினைக் கொஞ்சம்..."

டீச்சர் கொடுத்தார். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும்.